பர்மா மழையில் நூறாண்டு வீடு: கூரை, சுண்ணாம்பு, தேக்கு பார்த்துச் செய்யும் முறை

ரங்கூனிலும் (இன்றைய யாங்கோன்) மோல்மேனிலும் நம்மவர் பராமரிப்பில் இன்னும் சில பழைய பெருவீடுகள் இருக்கின்றன. சில குடும்ப வீடுகள், சில கோயில் அறக்கட்டளைக் கட்டடங்கள், ஒன்றிரண்டு பழைய கிட்டங்கிகள். கட்டுமானம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: கீழ்த்தளம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் அல்லது மரச்சட்டத்துக்கு நடுவே செங்கல் நிரப்பிய சுவர், மேல்தளம் தேக்கு, அதற்கு மேல் தகரம்.

ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மோல்மேனில் 4,800 மில்லிமீட்டரை நெருங்கும். இதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் திருப்பி விட்டுவிடும். அப்படிக் கட்டப்பட்ட வீட்டில் அந்த வெளியேறும் வழியை அடைப்பதுதான் பெரும் சேதம். பழைய வீட்டைப் பார்க்கப் போனால் பெரும்பாலும் வயதால் கெட்ட இடத்தைவிட, கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் சிமெண்டால் “சரிசெய்த” இடமே மோசமாக இருக்கும். கீழே சொல்லும் வேலைகளை அந்த நோக்கில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறோம்: முதலில் கூரை, பிறகு தரைமட்ட வடிகால், அதற்கடுத்து சுவர், கடைசியில் மரம். சுவர் பூச்சை முதலில் எடுத்துக்கொண்டால் அடுத்த மழையில் காசு கரைந்து ஓடிவிடும்.

வீடு என்றைக்குக் கட்டியது?

உளி வைக்கும் முன் வீட்டின் வயதையும் அதில் நடந்த மாற்றங்களையும் எழுதி வையுங்கள். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வது அந்தக் குறிப்புதான்.

முகப்பிலோ நிலைக்கதவுக்கு மேலோ ஆண்டு பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பர்மிய ஆண்டாக இருந்தால் 638 கூட்டுங்கள்: 1265 என்றால் 1903. ஜனவரி முதல் ஏப்ரல் புத்தாண்டு வரையுள்ள நாளுக்கு 639 கூட்ட வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபதாண்டுச் சுற்றில் அது எத்தனையாவது என்று எண்ணி, 1866 அல்லது 1926-உடன் கூட்டுங்கள். சோபகிருது 37ஆவது, ஆகவே 1903 அல்லது 1963. தாது 10ஆவது, 1876 அல்லது 1936. இரண்டில் எது என்பதைக் கட்டுமானமே காட்டிவிடும். தை, மாசி, பங்குனி என்று மாதமும் இருந்தால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். பழைய பேரேடு, வாடகைக் கணக்கு, பத்திரம் எதுவும் கிடைத்தால் படம் எடுத்து வையுங்கள். கறையான் முதலில் தின்பது காகிதத்தைத்தான்.

எழுத்து இல்லையென்றால் பொருளைப் பாருங்கள். இரும்பு உத்திரத்தின் பக்கவாட்டில் ஆலையின் பெயர் புடைப்பாக இருக்கும். ரங்கூன் பன்சோடான் தெருவில் 1906இல் கட்டிய சோபேர் கட்டடத்தில் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயர் இரும்பும் மான்செஸ்டர் தரை ஓடுகளும் இருப்பது இப்படிப் பார்த்துத் தெரிந்ததுதான். பெயர்ந்து கிடக்கும் தரை ஓடு இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒட்டியிருப்பதைப் பெயர்க்க வேண்டாம்.

பழுதுபார்ப்புகளுக்கும் காலம் உண்டு. 1930 மே 5 பெகு நிலநடுக்கம், 1941 டிசம்பர் 23இல் தொடங்கிய குண்டுவீச்சு, 1960களின் தேசியமயம், 2008 மே மாத நர்கிஸ் புயல் என இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தால், எந்த மூலை ஏன் வேறு செங்கல்லாக இருக்கிறது, பெரிய கூடம் ஏன் பலகை அடித்து ஆறு அறையானது, தகரம் ஏன் ஒரு பக்கம் மட்டும் புதிது என்று பல விஷயங்கள் விளங்கும். வண்ணப் பூச்சின் அடுக்குகளைப் பார்க்க, மறைவான ஓரிடத்தில் ஓர் அங்குல அகலத்தில் படிப்படியாகச் சுரண்டுங்கள். அடியில் இருக்கும் முதல் நிறம் பெரும்பாலும் காவி, வெளிர்மஞ்சள் போன்ற சுண்ணாம்புச் சாயமாகவே இருக்கும்.

அனுமதி: ரங்கூன் மாநகர வளர்ச்சிக் குழு 1996இல் 189 கட்டடங்களைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் பெரும்பாலானவை அரசு அல்லது வழிபாட்டுக் கட்டடங்கள். 2015இல் வந்த பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் நூறாண்டு கடந்தவற்றைக் கணக்கில் கொள்கிறது. பட்டியலில் இல்லை என்பதால் அனுமதி வேண்டாம் என்று ஆகாது. மாநகர அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 2012இல் தொடங்கிய யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளை நகர மையக் கட்டடங்கள் பலவற்றை ஆவணப்படுத்தியிருக்கிறது. ஒரே வீட்டில் ஐந்தாறு பங்காளிகளும் நாலு குடித்தனமும் இருந்தால், கூரைச் செலவை யார் ஏற்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ரங்கூனில் பல வீடுகள் ஒழுகக் காரணம் தகரம் அல்ல, இந்தப் பேச்சு முடியாததுதான்.

கூரையும் பீலியும்

கூரை வேலைக்குத் தீபாவளி கழிந்து திங்ஜான் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு) வரை காலம். திங்ஜானுக்குப் பிறகு தகரத்தைப் பிரிப்பது சூதாட்டம். மே முதல் வாரத்திலேயே புயல் வரலாம், நர்கிஸ் வந்ததும் மே 2, 3 தேதிகளில்தான்.

முதலில் உள்ளே ஏறிப் பாருங்கள். நண்பகலில் விளக்கை அணைத்துவிட்டு நின்றால் ஓட்டைகள் ஒளிப்புள்ளியாகத் தெரியும். சுண்ணக்கட்டியால் கைமரத்தில் குறி வையுங்கள். கறை இருக்கும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் கைமரத்தின் அடிப்பக்கமாக நாலைந்து அடி ஓடி வந்துதான் சொட்டும். ஆகையால் கறையிலிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும்.

நெளிதகரத்தை மாற்றும்போது பக்கவாட்டில் ஒன்றரை முதல் இரண்டு நெளிவு ஏறியிருக்க வேண்டும். மேல்கீழ் ஏற்றம் செங்குத்தான கூரைக்கு 6 அங்குலம், சாய்வு குறைவானதற்கு 9 அங்குலம். திருகாணி நெளிவின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில் ஆணி அடித்தால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே ஓட்டை போட்டதாகும். ரப்பர் வளையம் நாலைந்து வெயிலில் காய்ந்து போகும். காற்று முதலில் தூக்குவது ஓரங்களை. தாழ்வார ஓரம், முகடு, பக்கமுனை மூன்றிலும் ஓரத்திலிருந்து மூன்றடி வரை ஒவ்வொரு மேட்டிலும் திருகாணி போடுங்கள்; நடுவில் ஒன்று விட்டு ஒன்று போதும். தகரம் கெட்டியாக இருந்து, கைமரம் சுவரோடு கட்டப்படாமல் இருந்தால் கூரை முழுதாகவே எழும்பிவிடும். சுவர்மேல் கிடக்கும் மரச்சட்டத்தோடு ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். இதற்குச் செலவு குறைவு, செய்பவர்கள் அதைவிடக் குறைவு.

கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் பெட்டிப் பீலிதான், அதாவது கூரைத் தண்ணீரை வாங்கி ஓடவிடும் தகரக் கால்வாய்தான், இந்த வீடுகளின் பலவீனம். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. இலை அடைத்தால் தண்ணீர் உள்பக்கமாக வழிந்து சுவரின் நடுவிலேயே இறங்கும். உத்திர முனை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மேல்மாடி மூலையில் பூச்சு உப்பி, கீழே உத்திரம் உளுத்திருந்தால் காரணத்தைப் பீலியில் தேடுங்கள்.

ஒரு கணக்கு: மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் 400 சதுர அடிக் கூரை நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல் இறக்கும். அந்தப் பரப்புக்கு ஒரு நாலங்குல இறங்குகுழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீலியின் சாய்வு நூறடிக்கு ஓரடியாவது வேண்டும். இருக்கும் குழாய் போதாது என்றால் அளவைப் பெரிதாக்குவதைவிட இன்னொன்று சேர்ப்பது நல்லது, ஒன்று அடைத்தாலும் மற்றது ஓடும். கைப்பிடிச் சுவரில் வழிந்தோடும் வாய் ஒன்று கண்டிப்பாக விடுங்கள். அதன் அடிமட்டம் பீலியின் உள்பக்க விளிம்பைவிட 2 அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். பீலி அடைத்துக்கொண்டால் தண்ணீர் தெருப்பக்கம் கொட்டும். உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும்.

தகரப் பீலிக்குள் சிமெண்ட் பூசுவதும், தாரைத் தடவுவதும் வழக்கமாகிவிட்டது. சிமெண்ட் வெயிலில் விரிந்து சுருங்கும் தகரத்தோடு ஒட்டி நிற்காது. பிளவுக்கு அடியில் ஈரம் தங்கித் தகரத்தை வேகமாகத் தின்னும். தார் ஒன்றிரண்டு மழை தாங்கும், அதற்குள் ஓட்டை எங்கே என்று தெரியாமல் மறைத்தும் விடும். பீலியைத் துப்புரவாக்க வேண்டியது திங்ஜானுக்கு முன், முதல் பெருமழைக்குப் பின், பிறகு ஜூலையிலும் செப்டம்பரிலும்.

ஆலும் அரசும்

கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று ஒரு சாண் இருக்கும்போது கையோடு வந்துவிடும். இரண்டு மழை விட்டுவிட்டால் வேர் சாந்து இடுக்கில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு இழுக்கக் கூடாது, செங்கல்லும் சேர்ந்து வரும். தண்டை அடியில் அறுத்து, வெட்டுமுகம் காயும் முன் கிளைபோசேட் மருந்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் தூரிகையால் தடவுங்கள். கன்று துளிர்த்து வளரும் காலத்தில் செய்தால்தான் மருந்து வேர்வரை போகும். சில மாதம் கழித்து வேர் நைந்த பின் எடுத்து, வெற்றிடத்தில் சுண்ணாம்புச் சாந்து நிரப்புங்கள். வெறுமனே வெட்டினால் ஒன்று மூன்றாகக் கிளைக்கும். அரச மரம் என்பதால் வெட்ட ஆள் மறுப்பார்கள். பர்மியத் தொழிலாளியும் மறுப்பார், நம்மவரும் மறுப்பார். வழிபாடு செய்து அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குவதே நடைமுறை. சின்னக் கன்றை முழுதாக எடுக்க முடிந்தால் பகோடா வளாகத்திலோ கோயில் நந்தவனத்திலோ நட்டுவிடலாம்.

தரைமட்டத்தில்

நகரத்தில் சாலையை மேல் மேலாகப் போட்டுப் போட்டு உயர்த்திவிட்டதால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று நேராக நடந்து போகிறோம். சாக்கடை நிரம்பினால் தண்ணீர் சுவரடிக்கு வருகிறது. சுவரை ஒட்டி ஐந்தாறு அடி வரை தரை வெளிப்பக்கம் சாய வேண்டும், இருபதுக்கு ஒன்று என்ற அளவில். சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டிருந்தால் ஓரடி அகலத்துக்கு அதை உடைத்து எடுத்துவிட்டு, ஜல்லி நிரப்புங்கள். சுற்றிலும் தரையை மூடினால் மண்ணின் ஈரம் வெளியேற மிச்சமுள்ள ஒரே வழி உங்கள் சுவர்தான். தேக்குத் தளத்துக்கு அடியில் இருக்கும் காற்றுத்துளைகளை யாராவது எலிக்குப் பயந்து அடைத்திருப்பார்கள். திறந்து கம்பிவலை போடுங்கள்.

சுவர்

சுவரை மரச்சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் பூச்சு பிடித்திருக்கிறது. பொத்தென்றால் பின்னால் வெற்றிடம். தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரத்தில் அலையலையாக ஒரு கறை, அதன் மேல்விளிம்பில் வெள்ளை உப்பு இருந்தால், அது அடியிலிருந்து ஏறும் ஓதம். சிமெண்ட் பூச்சு இருக்கும் சுவரில் இந்தக் கோடு இன்னும் மேலே ஏறி நிற்கும், ஏனென்றால் கீழே ஆவியாக வழியில்லை. ஈரம் போனாலும் உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாகி, செங்கல் முகத்தை உள்ளிருந்து உரித்துத் தள்ளும்.

சிமெண்டை எடுக்க ஓரங்குல உளியும் கைச்சுத்தியும் போதும், மின்சுத்தி வேண்டாம். பொத்தென்று கேட்ட இடத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி, உளியைச் சுவருக்குச் சாய்வாகப் பிடித்து நெம்புங்கள். ஓதக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை எடுக்க வேண்டும். ஓரிடத்தில் சிமெண்ட் செங்கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எடுத்தால் செங்கல் முகமும் சேர்ந்து வருகிறது என்றால் அங்கே நிறுத்திவிடுங்கள். முகம் போன பழைய செங்கல் மழையைத் தாங்காது. கெட்ட பூச்சை வைத்துக்கொள்வதே அந்த இடத்தில் நல்லது.

பிறகு காத்திருங்கள். ஒப்பந்தக்காரருக்குப் பிடிக்காத பகுதி இதுதான். தோராயமாக, ஓரங்குலச் சுவர் உலர ஒரு மாதம் ஆகும். ஒன்பதங்குலச் சுவர் முழுக்க உலர ஏறக்குறைய ஒன்பது மாதம். அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால், நவம்பரில் உரித்து, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி (தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும்), ஜனவரியில் ஒரு மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு போடுங்கள். அந்தப் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டில் உதிர்ந்துவிடும். உதிர்வதற்காகவே போட்டது அது. நிலையான பூச்சு அதற்கு அடுத்தது.

சுண்ணாம்பு தயாரிப்பது

மோல்மேன், பாஆன் பக்கம் சுண்ணாம்புக்கல் மலைகள் உண்டு. சுட்ட கல் கிடைத்தால் அதுவே முதல்தரம். தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் சுண்ணாம்புக்கல். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். ஒரு பங்கு கல்லுக்கு மூன்று பங்கு தண்ணீர். நீற்றிய பிறகு 3 மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து, மேலே இரண்டங்குலத் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். குறைந்தது மூன்று வாரம். மூன்று மாதம் ஊறினால் களி வெண்ணெயாக வழியும். அவசரப்பட்டு எடுத்தால் நீறாத துகள்கள் சுவருக்குள் போய், சில மாதம் கழித்துச் சின்னச் சின்னக் குழியாகத் தெறிக்கும். ஆகஸ்டில் நீற்றி வைத்தால் தீபாவளி கழிந்து எடுக்கச் சரியாக இருக்கும். மூட்டையில் வரும் நீற்றிய சுண்ணாம்புப் பொடியும் பயன்படும், ஆனால் ஒருநாள் ஊறவைக்க வேண்டும்; பிடிப்பு சற்றுக் குறைவு.

மணல் ஆற்று மணலாக, சொரசொரப்பாக இருக்க வேண்டும். கடலேற்றம் தொடும் ஆற்றுப் பகுதியில் அள்ளிய மணலில் உப்பு இருக்கும். எங்கே அள்ளியது என்று கேட்டு வாங்கி, கழுவியே பயன்படுத்துங்கள். செங்கல் பொடி குறைவாகச் சுட்ட செங்கல்லை இடித்ததாக இருக்கட்டும். நன்றாக வெந்து கறுத்த செங்கல்லின் பொடி சுண்ணாம்போடு சேர்ந்து இறுகாது.

அளவு: சுண்ணாம்புக் களி 1, மணல் 2, செங்கல் பொடி 1. அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான பூச்சுக்கு, மேடுபள்ளச் சேதாரம் சேர்த்து, 100 சதுர அடிக்கு மணல் 4½ கன அடி, களியும் பொடியும் 2¼ கன அடி வீதம் பிடிக்கும். இங்கே மணல் கியின் கணக்கில், அதாவது 100 கன அடியாக, விற்பதால் ஒரு கியின் மணலில் ஏறக்குறைய 2,000 சதுர அடி பூசலாம். களியையும் மணலையும் முன்கூட்டியே மிதித்துக் கலந்து, ஈரச்சாக்கு மூடி வாரக்கணக்கில் வைக்கலாம். செங்கல் பொடியை மட்டும் பூசுகிற அன்றைக்குச் சேருங்கள். சேர்த்த பின் கலவை தானாக இறுகத் தொடங்கும்.

வெல்லமும் கடுக்காயும் பற்றிக் கேட்காதவர் இல்லை. கொஞ்சம் வெல்லத் தண்ணீர் கலவையை வழுவழுப்பாக்கி, உலர்வதை நிதானப்படுத்தும், உண்மைதான். 60 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ வெல்லம், 1 கிலோ இடித்த கடுக்காய் என்பதைத் தாண்ட வேண்டாம். அதிகம் போட்டால் இறுகாது. மோல்மேன் ஈரத்தில் பூஞ்சையும் எறும்பும் வரும். செட்டிநாட்டின் வறண்ட காற்றில் பலித்த கைப்பக்குவம் அப்படியே இங்கே பலிக்கும் என்று எண்ண வேண்டாம். சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு கரண்டி சிமெண்ட் சேர்ப்பது அதைவிடக் கெடுதல். சிமெண்டின் வலுவும் வராது, சுண்ணாம்பின் குணமும் போய்விடும்.

பூசும் முதல்நாள் மாலையும் அன்று காலையும் சுவரை நனையுங்கள். முதல் பூச்சு 10 மில்லிமீட்டர், வீசி அடித்து, குறுக்கும் நெடுக்கும் கீறி விடவும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு வந்தபின்தான் அடுத்தது. கடைசிப் பூச்சு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மறுநாள் மயிரிழை விரிசல் தெரிந்தால் லேசாக நனைத்து மணியாசுக் கட்டையால் இறுக்கித் தேயுங்கள். ஏழு நாள் ஈரக்கோணி தொங்க வேண்டும். வெயில் நேராக விழும் மேற்குச் சுவரில் இதைத் தவறவிட்டால் பூச்சு விரலோடு மாவாக வரும். சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுக வாரங்கள் பிடிக்கும். ஆகவே வெளிச்சுவர்ப் பூச்சு மாசி பாதிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

மேலே சுண்ணாம்புச் சாயம்: ஒரு பங்கு களிக்கு நாலு பங்கு தண்ணீர், பால் பதம். மூன்று முதல் நாலு மெல்லிய கோட். நிறத்துக்குக் காவி, மஞ்சள்காவி போன்ற மண்நிறப் பொடிகள் மட்டும், சுண்ணாம்பு எடையில் பத்தில் ஒன்றைத் தாண்டாமல். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரில் இது ஒட்டாது. பழையதை எடுத்த பிறகே அடிக்க முடியும்.

தேக்கும் கறையானும்

தேக்கைக் கறையான் தொடாது என்பது பாதி உண்மை. வைரம், அதாவது நடுவிலிருக்கும் முதிர்ந்த மரம், தாங்கும்; வெளிப்பக்க வெண்மரம் தாங்காது. நனைந்தே கிடந்தால் வைரமும் உளுக்கும். குத்தூசியால் குத்திப் பாருங்கள்: தூண் அடி, சன்னல் கீழ்ச்சட்டம், சுவருக்குள் புகும் உத்திர முனை, மாடிப்படி முதல் கட்டை. கால் அங்குலத்துக்கு மேல் ஊசி சிரமமில்லாமல் இறங்கினால் அந்த மரம் போய்விட்டது.

தூணின் அடி உளுத்தால் தூணையே மாற்றச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த நீளத் தேக்கு இன்று கிடைப்பது அரிது. மேல்சுமையை முட்டுக் கொடுத்துத் தாங்கி, நல்ல மரம் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் ஆறங்குலம் மேலே வெட்டி, தூண் பருமனைப்போல் மூன்று மடங்கு நீளச் சாய்வு ஒட்டு வெட்டி, துருப்பிடிக்காத போல்ட் இரண்டுக்குக் குறையாமல் முடுக்குங்கள். ஒட்டுத்துண்டுக்குப் பியின்கடோ (பர்மிய இரும்புமரம்) நல்லது. தரையருகே தேக்கைவிடத் தாங்கும். அதன் அடி மண்ணிலோ சிமெண்டிலோ புதையாமல், ஆறங்குலம் உயர்ந்த கல் பீடத்தில் நிற்க வேண்டும். மாற்று மரம் பழைய வீடு இடிக்கும் இடத்தில் வாங்குங்கள். புதிதாய் அறுத்த ஈரத்தேக்கு பழைய சட்டத்தோடு சேர்ந்து சுருங்காது, ஒட்டு வாய்பிளக்கும்.

கறையானின் மண்குழாய் சுவரில் தெரிந்தால் முழுவதையும் துடைக்காமல் நடுவில் ஒரு விரல்நீளம் உடைத்து விடுங்கள். இரண்டு மூன்று நாளில் அடைத்திருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. அஸ்திவாரத்தை ஒட்டி ஆறங்குல அகலம், ஓரடி ஆழம் வாய்க்கால் தோண்டி, மருந்துக் கரைசலை மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் ஊற்றி, மண்ணையும் மருந்தோடு பிசைந்து மூடுங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் இதைச் செய்யாமல் தூண்டில்பொறி முறைக்குப் போங்கள். விறகு, அட்டைப்பெட்டி, பழைய பலகை எதையும் சுவரோடு சாய்த்து வைக்காமல் இருப்பதே பாதி வைத்தியம்.

வெளிமரத்துக்குப் பர்மியர் கச்சா எண்ணெய் பூசுவார்கள். மடாலயங்கள் கறுத்து நிற்பது அதனால்தான். தண்ணீரையும் கறையானையும் நன்றாகத் தடுக்கும்; ஆனால் ஒருமுறை பூசினால் பிறகு எந்த வண்ணமும் ஏறாது, தீப்பிடிக்கவும் ஏதுவாகும். தரைக்கு அடியில் மறைந்திருக்கும் தூண், விட்டம் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கதவு, சன்னல் பலகைகளில் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருப்பதாகவே எண்ணுங்கள். தீப்பந்தம் வைத்து எரிக்கவோ, உலர்வாகத் தேய்க்கவோ கூடாது. நனைத்துச் சுரண்டி, செதிலைச் சாக்கில் கட்டி, குழந்தைகள் வரும் முன் தரையைத் துடைத்துவிடுங்கள்.

இரும்பு உத்திரத் தளம்

நகர மையத்து வீடுகளில் மாடித்தளம் இரும்பு உத்திரங்களுக்கு நடுவே சிறு செங்கல் வளைவுகளாக இருக்கும். உத்திரத்தின் கீழ்முகம் துருப்பிடித்து ஏடு ஏடாகப் பிரிந்தால், துரு பல மடங்கு பருத்துப் பூச்சைத் தள்ளும். தள்ளிய பூச்சைத் தட்டி எடுத்து, கம்பித் தூரிகையால் துரு நீக்கி, மிஞ்சிய தடிமனை அளந்து பாருங்கள். சுவருக்குள் போகும் முனையில் கால்வாசிக்கு மேல் போயிருந்தால் பொறியாளர் பார்க்காமல் அந்த அறையில் நெல்மூட்டையோ தண்ணீர்த் தொட்டியோ வைக்க வேண்டாம். தரை ஓட்டைத் துடைக்க அமிலம் எப்போதும் கூடாது. சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும்.

நடுக்கமும் நெருப்பும்

2025 மார்ச் 28 நிலநடுக்கம் 7.7 அளவில் மண்டலே, சகாயின் பக்கத்தைத் தரைமட்டமாக்கியது. ரங்கூன் அந்த அளவுக்கு ஆடவில்லை. 1930இல் ஆடியபோது செயலகக் கட்டடத்தின் நடுக் குவிமாடமே நிற்கவில்லை. பழைய வீட்டில் முதலில் விழுவது உச்சியில் தனியாக நிற்பவைதான்: கைப்பிடிச் சுவர், முகப்பு முக்கோணம், அலங்காரக் கலசம். இவற்றைப் பின்பக்கமிருந்து கூரைச் சட்டத்தோடு இரும்புத் தாங்கியால் கட்டுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டு, குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொட்டு ஒன்று வைத்தால் அது இன்னும் நகர்கிறதா என்று தெரியும். பொட்டு பிளந்தால், அல்லது சாய்ந்த விரிசல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால், பூசி மறைக்கும் முன் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மின்வெட்டுக்காக வாங்கிய இன்வெர்ட்டர், பேட்டரி, ஜெனரேட்டர் மூன்றும் தேக்கு வீட்டுக்குப் புது ஆபத்து. துணி சுற்றிய பழைய வயர் புதுச் சுமையைத் தாங்காது. தனிச்சுற்று இழுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் தனி பிரேக்கர் போட வேண்டும். பேட்டரியை மாடிப்படிக்கு அடியில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நெருப்புப் பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்கும் ஒரே வழி அதுதான். செங்கல் சுவர் உள்ள பின்கட்டு அறையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சன்னல் திறந்த நிலையில் இருக்கட்டும்.